397-இல் ஒரு மேடு

வெறும் தண்ணீர். நன்றாக வடித்துச் சுத்தம் செய்தது. நிறமில்லை, மணமில்லை, கரைந்தது என்று சொல்ல ஒன்றுமில்லை. அதை நான்கு பக்கமும் தெளிந்த குவார்ட்ஸ் குவெட்டில் ஊற்றி, ஃபுளூரசென்ஸ் என்னும் ஒளிர்வை அளக்கும் ஃபுளூரிமீட்டருக்குள் வைக்கிறார்கள். ஒரு பக்கத்திலிருந்து 350 நானோமீட்டர் புறஊதா ஒளி பாய்கிறது. அதற்குச் செங்கோணத்தில் வெளிவருவதை 370-லிருந்து மேல்நோக்கி ஸ்கேன் செய்தால், திரையில் கோடு கொஞ்ச தூரம் தரையோடு தரையாக வரும். 385-ஐத் தாண்டியதும் தயங்கித் தயங்கி ஏறத் தொடங்கும். 397-இல் உச்சி. அப்புறம் சட்டென்று இறங்கி, 410 வருவதற்குள் மறுபடி தரை. இடது சரிவு சாய்வானது, வலது சரிவு செங்குத்து. அவ்வளவுதான் அந்த மேடு.

திருச்சிக் கல்லூரிகளில் வேதியியலோ பௌதிகமோ முதுநிலை படித்தவர்களில் பலர் இதைக் கண்டிருப்பார்கள். கண்டு, 'ப்ளாங்க் ஓகே' என்று நோட்டில் எழுதிவிட்டு அடுத்த சாம்பிளுக்குப் போயிருப்பார்கள். போகக்கூடாது என்பது என் கட்சி. கருவியின் கண்ணாக உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒளிப்பெருக்கிக் குழாய்க்கு எத்தனை வோல்ட் கொடுப்பது, கொடுத்த வோல்ட் போதுமா, குழாய்க்கு வயதாகிவிட்டதா என்ற கேள்விகளுக்கெல்லாம் நேர்மையான சாட்சி இந்தத் தண்ணீர் மேடுதான். ஆய்வக வழக்கில் இதற்குப் பெயர் ராமன் பீக். பெயருக்குரிய இயற்பியலாளர் ராமன் பிறந்த திருவானைக்கா, சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும்.

முதலில் குழாயைப் பார்த்துவிடுவோம். பேச்சில் எல்லோருக்கும் அது பி.எம்.டி.; விரித்தால் ஃபோட்டோமல்டிப்ளையர் டியூப். பல ஃபுளூரிமீட்டர்களில் இருப்பது ஜப்பானின் ஹமாமட்சு கம்பெனி செய்யும் ஆர்928. 28 மில்லிமீட்டர் விட்டம், உள்ளங்கைக்குள் அடங்கும் கண்ணாடிக் குழல். ஒளி தலைவழியாக நுழைவதில்லை, இடுப்புவழியாக நுழைகிறது. இரண்டாம் உலகப்போர் காலத்தில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனி செய்த 931ஏ, 1பி28 குழாய்களின் அதே உடல்வாகு. ரேடியோவிலிருந்தும் டிவியிலிருந்தும் கண்ணாடிக் குழாய்கள் எல்லாம் விடைபெற்றுப் போன பிறகும் இது மட்டும் உத்தியோகத்தில் நீடிக்கிறது.

உள்ளே நடப்பது பெருக்கல் வாய்ப்பாடு. ஓர் ஒளித்துகள் முதல் தகடான கேத்தோடில் விழுந்து ஓர் எலெக்ட்ரானைக் கிளப்புகிறது. எல்லாத் துகளும் கிளப்பிவிடாது. நாலில் ஒன்று கிளப்பினாலே நல்ல குழாய். அந்த ஒற்றை எலெக்ட்ரானை மின்னழுத்தம் இழுத்துக்கொண்டுபோய் டைனோடு என்ற தகட்டில் மோதவைக்க, அங்கே ஒன்றுக்குப் பல கிளம்புகின்றன. அவை அடுத்த டைனோடில் மோதும். இப்படி வளைந்து வளைந்து ஒன்பது டைனோடுகள். ஒன்று மோதினால் ஆறு கிளம்பும் என்று வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்: ஆறு, முப்பத்தாறு, இருநூற்றுப் பதினாறு... ஒன்பதாவது படியில் 1,00,77,696. ஒரே ஓர் எலெக்ட்ரான் ஒரு கோடியைத் தாண்டி வந்து நிற்கிறது. அதுவும் ஒரு நொடியின் கோடிக்கணக்கான பங்குகளில் சில பங்குகளுக்குள். ஆயிரம் வோல்ட்டில் இந்தக் குழாயின் பெருக்கம் ஏறத்தாழ அந்த ஒரு கோடிதான்.

ஆறு என்பது மூன்றாகக் குறைந்தால்? முடிவில் 19,683. படிக்குப் படி பாதிதான் குறைந்தது. கடைசியில் ஐந்நூறில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. ஆறா மூன்றா என்று தீர்மானிப்பது வோல்டேஜ். கேத்தோடுக்கு மைனஸ் ஆயிரம் வோல்ட் கொடுத்து, கடைசித் தகடான ஆனோடைப் பூமி மட்டத்தில் வைத்து, இடையே ரெசிஸ்டர்களைச் சங்கிலியாகக் கோத்து, படிக்குச் சுமார் நூறு வோல்ட் என்று பங்கிட்டுவிடுகிறார்கள். மொத்த வோல்டேஜை நகர்த்தினால் எல்லாப் படியும் சேர்ந்து நகரும். அதனால் பெருக்கம் வோல்டேஜின் ஏறத்தாழ ஏழாம் அடுக்காக ஏறுகிறது. 700-ஐ 770 ஆக்கினால் சிக்னல் கிட்டத்தட்ட இரட்டித்துவிடும். வோல்டேஜ் ஒரு சதவீதம் வழுக்கினால் அளவு ஏழு சதவீதம் வழுக்கும். யு.பி.எஸ். இல்லாமல் இந்தக் கருவியை ஓட்டாதே என்று ஆய்வகங்களில் பிடிவாதமாகச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கருவிக்குள் இருக்கும் உயர் அழுத்த சப்ளை எவ்வளவுதான் ஒழுங்காக இருந்தாலும், மதியம் மூன்று மணிக்குக் கரண்ட் போய் வந்தால் அது மறுபடி நிலைப்பட நேரம் வேண்டும். தூண்டும் ஒளியைத் தரும் செனான் விளக்குக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும்.

எத்தனை வோல்ட் என்பதைத் தேடும் வேலை தண்ணீர் குவெட்டோடு தொடங்குகிறது. 300-இல் வைத்தால் மேடு இருக்கிறதா இல்லையா என்பதே சந்தேகம். சின்னச் சின்னப் படிக்கட்டாக, அரித்த விளிம்போடு ஏதோ தெரியும். குழாய் கொடுக்கும் சொற்ப மின்னோட்டத்தை அதற்குப் பின்னால் வரும் ஆம்ப்ளிஃபையரின் இரைச்சல் விழுங்கிவிடுகிறது. 50, 50-ஆக ஏற்றிக்கொண்டே போனால் மேட்டின் விளிம்பு மழுமழுவென்று ஆகும். உச்சி எது என்பதில் சந்தேகம் தீரும். ஒளி புகும் இடுக்கான ஸ்லிட் குறுகலாக இருந்தால் இடது சரிவின் நடுவே லேசாக ஒரு தோள் தட்டும். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருப்பதன் அடையாளம் அது. ஸ்லிட்டை அகலமாகத் திறந்து வைத்திருந்தால் தோள் கரைந்து வெறும் சாய்வாகிவிடும்.

இன்னும் ஏற்றினால் மேடு இன்னும் வளரும். அங்கேதான் ஏமாறிப்போகும் ஆபத்து. மேட்டின் உயரம் பத்து மடங்கானால் தரையின் நடுக்கமும் பத்து மடங்காகிறது, லாபம் ஒன்றுமில்லை. குவெட்டிலிருந்து புறப்பட்டு வந்த ஒளித்துகள்கள் எத்தனையோ அத்தனைதான். வோல்டேஜ் அவற்றைப் பெரிதாக்கிக் காட்டுமே தவிர, புதிதாக ஒன்றைக்கூடக் கொண்டுவராது. அதையும் தாண்டிப் போனால் இருட்டிலேயே குழாய் முணுமுணுக்கத் தொடங்கி, நடுக்கம் மேட்டை முந்திவிடும். ஆகவே உயரத்தைப் பார்க்கக்கூடாது. உயரத்தை நடுக்கத்தால் வகுத்துக் கிடைப்பதைப் பார்க்கவேண்டும். அது ஏறி, ஏறி, ஓரிடத்தில் சமதளமாகும். அந்தச் சமதளத்தின் தொடக்கமே இருப்பிடம். தம்புராவுக்கு ஜீவா வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த இடம் புரியும்: குதிரைமேல் நூலை மயிரிழை நகர்த்த நாதம் திறந்துகொள்ளும், தாண்டினால் கரகரக்கும். அந்தத் தம்புராக் குதிரையையும் ராமன் விட்டுவைக்கவில்லை என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. 1920-களின் தொடக்கத்தில் தம்புரா, வீணை இரண்டைப் பற்றியும் ஆய்வுக் கட்டுரை எழுதியவர் அவர்.

இருட்டு முணுமுணுப்பு என்றேன். ஷட்டரை மூடிவிட்டு, ஒளியே இல்லாதபோது குழாய் என்ன சொல்கிறது என்று கேட்பது நல்ல கைகளின் பழக்கம். கேத்தோடு பூச்சிலிருந்து வெப்பத்தாலேயே சில எலெக்ட்ரான்கள் கழன்று வரும். அவையும் ஒன்பது படி இறங்கிப் பெருகி, 'ஒளி வந்தது' என்று பொய் சொல்லும். வெப்பம் ஏற ஏறப் பொய்யும் ஏறும். திருச்சிச் சித்திரை வெயிலில் இரவெல்லாம் ஏ.சி. நிறுத்தியிருந்த அறையைக் காலையில் திறந்தவுடன் எடுக்கும் அளவுக்கும், அறை குளிர்ந்தபின் எடுக்கும் அளவுக்கும் வித்தியாசம் இருந்தால் குவெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. வோல்டேஜ் நிறுத்தப்பட்டிருக்கும்போதேகூட குழாயை டியூப்லைட் வெளிச்சத்தில் காட்டிவிட்டால், மறுபடி மூடி வோல்டேஜ் கொடுத்த பின் பல மணி நேரம் அதன் முணுமுணுப்பு அடங்காது. வோல்டேஜ் இருக்கும்போதே வெளிச்சம் காட்டினால் குழாயே போய்விடும். கண்ணுக்கும் இந்தக் குணம் உண்டு. கல்கத்தாவில் ராமனும் அவரோடு ஆராய்ந்த கே.எஸ். கிருஷ்ணனும் மெல்லிய ஒளிகளைத் தேடிய நாட்களில், அளக்கும் கருவி அவர்களுடைய கண்களே. வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணை முதலில் இருட்டுக்குப் பழக்கவேண்டும்.

அந்தக் கதைக்கு வருமுன், எந்த ஃபுளூரிமீட்டர் அறையிலும் என்றாவது காதில் விழக்கூடிய ஓர் உரையாடல்.

"மேடம், ப்ளாங்க்லயே பீக் வருது மேடம். தண்ணி சரியில்ல போல."

"எதுல எக்ஸைட் பண்ணின?"

"முந்நூத்தம்பது மேடம்."

"பீக் எங்க?"

"முந்நூத்தித் தொண்ணூத்தேழு."

"தண்ணி சரியாத்தான் இருக்கு. எக்ஸைட்டேஷனை முந்நூத்தி அறுபதுக்குத் தள்ளிப் பாரு."

தள்ளிப் பார்த்தால் மேடு 410-க்கு ஓடிப்போயிருக்கும். 340-க்கு இறக்கினால் 384-க்கு வந்து நிற்கும். அழுக்கின் ஃபுளூரசென்ஸாக இருந்தால் இப்படிக் கூடவே நகராது. எதைக் கொண்டு தூண்டினாலும் தன் இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். இது நகர்வதற்குக் காரணம், தண்ணீர் மூலக்கூறில் ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் பிடித்திருக்கும் பிணைப்பு, தன்னை அதிரவைக்க வேண்டிய அளவுக்குச் சரியாக ஆற்றலை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிவிடுவதுதான். என்ன நிற ஒளி வந்தாலும் எடுத்துக்கொள்ளும் அளவு ஒன்றே. நிறமாலைக்காரர்கள் கணக்கில் அது சென்டிமீட்டருக்குச் சுமார் 3,400 அலைகள்.

மாணவியின் சந்தேகத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1923-இல், கல்கத்தா பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், ராமனின் மாணவர் கே.ஆர். ராமநாதன் தண்ணீரில் சூரிய ஒளி சிதறுவதை ஆராய்ந்தபோது இதே ஒளிதான் குறுக்கே வந்தது. நிறம் மாறிய, மிக மெல்லிய ஏதோ ஒன்று. தண்ணீரில் கலந்த அசுத்தத்தால் எழும் ஃபுளூரசென்ஸ் என்று கருதினார்கள். வடித்தார்கள், திரும்பத் திரும்ப வடித்தார்கள். அசுத்தம் போயிருக்கவேண்டும், ஒளி போகவில்லை. ஐந்து ஆண்டுகள் அந்தக் கேள்வி ஆறாமல் இருந்தது. பிறகு ராமனும் கிருஷ்ணனும் 18 சென்டிமீட்டர் அகல டெலஸ்கோப் லென்ஸால் சூரிய ஒளியைத் திரட்டி, அடுத்து 5 சென்டிமீட்டர் குவியத்தூர லென்ஸால் மேலும் இறுக்கி, திரவத்துக்குள் பாய்ச்சினார்கள். ஊதாக் கண்ணாடி ஒன்றை வெளிச்சத்தின் பாதையில் வைத்தார்கள். ஊதாவை முழுக்க மறைக்கும் வேறொரு கண்ணாடியைக் கண் பக்கம் வைத்தார்கள். இரண்டையும் தாண்டி எதுவும் தெரியக்கூடாது, தெரிந்தது. சுமார் 60 திரவங்களில் தெரிந்தது. அந்த ஒளி ஃபுளூரசென்ஸில் காணாத அளவுக்குப் போலரைஸ் ஆகியிருந்தது என்பதுதான் கிருஷ்ணனும் ராமனும் பிடித்துக்கொண்ட நுனி. 1928 பிப்ரவரி 28-இல் அந்த நுனி ஒரு கண்டுபிடிப்பாயிற்று, மார்ச் 16-இல் பெங்களூரில் ராமன் அதைப் பற்றிப் பேசினார், 1930-இல் நோபல்.

இதில் எனக்கு ருசிப்பது ஒரு திருப்பம். அழுக்கு என்று சந்தேகிக்கப்பட்ட ஒளி, இன்று தண்ணீர் அழுக்கில்லாமல் இருக்கிறது என்பதற்கும், குழாய் ஒழுங்காகப் பார்க்கிறது என்பதற்கும் உரைகல்லாகிவிட்டது. கம்பெனிகள் ஃபுளூரிமீட்டர் விற்கும்போது தங்கள் கருவியின் நுட்பத்தைச் சொல்லும் எண் எது தெரியுமா? தண்ணீரின் ராமன் மேட்டில் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம். தூண்டும் ஒளி 350, ஸ்லிட் 5 நானோமீட்டர் என்று சோதனை நிபந்தனைகூடப் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். காரணம் எளியது. சாயம் எதுவும் எடைபோட வேண்டாம், கரைக்க வேண்டாம், கெட்டுப்போகும் என்ற பயமில்லை. தண்ணீரின் அடர்த்தியைத் தப்பாகப் போட யாராலும் முடியாது. இதைவிட மலிவான, இதைவிட யோக்கியமான ஸ்டாண்டர்ட் நான் கேள்விப்பட்டதில்லை. குயினைன் சல்ஃபேட் என்று ஒன்று உண்டு. அமிலத்தில் கரைத்தால் 450-இல் பளிச்சென்று நீலமாக ஒளிரும். அதுவும் பழைய ஸ்டாண்டர்ட்தான், அதற்கான சிங்கோனா மரத்தை 1860-களிலேயே நீலகிரியில் நட்டுவிட்டார்கள். ஆனால் அதன் வெளிச்சம் பலமானது. பலமான வெளிச்சத்தில் எந்தக் குழாயும் நன்றாகப் பார்க்கும். மங்கலில் எப்படிப் பார்க்கிறது என்பதே பரீட்சை.

ராமனின் திருச்சி வாசம் சொற்பம். 1888 நவம்பர் 7 அன்று தாய்வழிப் பாட்டனார் சப்தரிஷி சாஸ்திரிகள் வீட்டில் பிறந்தார். அந்தப் பாட்டனார் நவ்ய நியாயம் என்ற தர்க்க சாஸ்திரம் படிக்கவேண்டும் என்று வங்காளத்து நவத்வீபம் வரை நடந்தே போனவர். பேரனின் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. 1892-இல் தந்தை சந்திரசேகர ஐயருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் வேலை கிடைக்க, குடும்பம் அங்கே போயிற்று. நாலு வயதுக்குள் முடிந்துபோன உறவுதான். அதை வைத்துக்கொண்டு ஊர்ப்பெருமை பேசுவது எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஆனால் பிறந்த ஊர் பஞ்சபூதத் தலங்களில் நீருக்குரிய தலமாக அமைந்ததையும், அவர் பெயர் அன்றாட ஆய்வகப் புழக்கத்தில் தண்ணீரோடு ஒட்டிக்கொண்டதையும் சேர்த்து நினைக்கும்போது கொஞ்சம் புன்னகைத்துக்கொள்ளத் தடையில்லை. திருவானைக்காவில் கருவறைத் தரையில் ஊற்றுநீர் கசிந்துகொண்டே இருக்கும். மூலவரை நேர்வாசல் வழியாகப் பார்க்க முடியாது, ஒன்பது துளையுள்ள கல் சாளரத்தின் வழியாகத்தான் தரிசனம். ஆர்928-க்குள்ளும் தண்ணீரின் ஒளி ஒன்பது டைனோடுகளைத் தாண்டியே வெளியே வருகிறது. எண் பொருத்தம் சுத்தமான தற்செயல். பத்து, பதினொன்று டைனோடு உள்ள குழாய்களும் ஏராளம். இதில் தத்துவம் தேடுகிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

தண்ணீரையும் வோல்டேஜையும் விஷயமாகவே சேர்த்துக் கட்டும் இடம் வேறொன்று இருக்கிறது. அது ஆற்றுநீர் ஆராய்ச்சி. ஆற்றில் மக்கிய இலை, தழை, மண்ணிலிருந்து கரைந்து வரும் கரிமப் பொருள்கள் 350-இல் தூண்டினால் 450-ஐ ஒட்டி ஒளிரும். சாக்கடை கலந்த நீரென்றால் 275-இல் தூண்டும்போது 350-க்குச் சற்றுக் கீழே, புரதத்தின் பகுதியான டிரிப்டோஃபேன் போன்ற ஒளி தலைகாட்டும். அம்மாமண்டபம் படித்துறையில் ஒரு பாட்டில், கொள்ளிடத்தில் ஒரு பாட்டில் எடுத்துவந்து பார்க்கிறீர்கள். திரையில் 300 என்று எண் வருகிறது. 300 என்ன? அந்த எண்ணுக்கு அலகே கிடையாது. உங்கள் குழாய், உங்கள் வோல்டேஜ், உங்கள் ஸ்லிட், உங்கள் விளக்கின் வயது எல்லாம் கலந்த ஏதோ ஓர் எண். 700 வோல்ட்டில் 300 வந்தது 400 வோல்ட்டில் எட்டு கூட வராது. பக்கத்துக் கல்லூரியில் அதே பாட்டிலை வைத்தால் வேறு எண்.

இதற்குத் தீர்வாக வந்ததும் அதே மேடுதான். தூய நீரை 350-இல் தூண்டி, 371-லிருந்து 428 வரை ராமன் மேட்டின் கீழே அடங்கும் பரப்பைக் கணக்கிட்டு, அதை ஒன்று என்று வைத்துக்கொண்டு, ஆற்றுநீரின் அளவை அதால் வகுத்துவிடுகிறார்கள். டென்மார்க் ஆய்வாளர்கள் இருவர் 2009-இல் இதை முறைப்படுத்தி எழுதினார்கள். அதன்பின் கடல்நீர், ஏரிநீர், ஆற்றுநீர்க் கட்டுரைகளில் இது சாதாரணமாகிவிட்டது. வோல்டேஜ் இரண்டு பக்கமும் பெருக்கியிருப்பதால் வகுக்கும்போது அடிபட்டுப் போகிறது. குழாயின் கிழத்தனமும் அடிபட்டுப் போகிறது. மிஞ்சும் எண்ணின் பெயர் ராமன் அலகு. காவிரித் தீவில் பிறந்தவர் பெயரில், காவிரி எவ்வளவு ஒளிர்கிறது என்று எந்த நாட்டு ஆய்வகத்தோடும் ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம்.

நிபந்தனை ஒன்றுண்டு. ஆற்றுநீரை எந்த வோல்டேஜில் எடுத்தீர்களோ அதே வோல்டேஜில், அதே ஸ்லிட்டில், அன்றைக்கே தூய நீரையும் ஓட்டியிருக்கவேண்டும். நேற்று 700-இல் எடுத்த மேட்டை இன்று 400-இல் எடுத்த ஆற்றுநீருக்கு வைத்து வகுத்தால் எல்லாம் பாழ். தண்ணீருக்கு அருமையாக அமைந்த 700, ஆடிப் புதுவெள்ளத்தில் எடுத்த சாம்பிளுக்கு வடிகட்டிய பின்னும் அதிகமாகவே இருக்கும். கோடு மேலே போய் முட்டி, தட்டையாக நிற்கும். அப்போது 400-க்கு இறக்கிவிட வேண்டியதுதான். தண்ணீரின் மேடும் கூடவே குறுகிப்போகும், விளிம்பு மறுபடி அரிக்கும். பொறுமையாகப் பலமுறை ஓட்டிச் சராசரி எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் 700-ஐத் தொடாமல் வெள்ளநீரைத் தூய நீர் விட்டு நீர்த்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது.